மாதிரி ரயிலின் சரக்குப் பெட்டிகள்: கிட் வாங்கிக் கட்டுவதா, ரெடிமேடாக வாங்குவதா?

கேள்வி இதுதான். எச்ஓ அளவில், அதாவது உண்மை ரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கிய 1:87 விகிதத்தில், ஒரு சிறிய பாதை அமைத்திருக்கிறீர்கள். ஓர் இன்ஜினும், பெட்டியைத் திறந்ததும் ஓடத் தயாராக வந்த சில வேகன்களும் கைவசம் இருக்கின்றன. இனிச் சேர்க்கப்போகும் சரக்குப் பெட்டிகளை உதிரிபாகங்களாக, அதாவது கிட்டாக வாங்கிக் கையால் கட்டுவது நல்லதா, ரெடிமேடாகவே வாங்குவது நல்லதா, கிட் வாங்கினால் பணம் மிச்சமாகுமா, கட்டிய பெட்டி தரத்தில் ரெடிமேடுக்கு ஈடாகுமா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் ரயிலில் பெரும்பகுதியை ரெடிமேடாக வாங்கலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் முதல் சில பெட்டிகளையாவது கிட்டிலிருந்து கட்டுங்கள் என்பதே என் பதில். இதைப் பணத்துக்காகச் சொல்லவில்லை. ரெடிமேட் பெட்டி பார்வைக்கு முழுமையாக வருகிறது. ஓட்டத்துக்கு எப்போதும் முழுமையாக வருவதில்லை. சக்கரங்களின் இடைவெளி, பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளரின் உயரம், பெட்டியின் எடை ஆகிய மூன்றையும் என்றாவது ஒருநாள் நீங்களே திறந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டிவரும். அந்தக் கைப்பழக்கம் கிட் கட்டும்போது தானாக வந்துவிடுகிறது. கட்டியே பழகாதவர், பாதை மாறும் இடத்தில் ஒரு பெட்டி திரும்பத் திரும்பத் தடம் புரண்டால், அதை ஓரமாக எடுத்து வைப்பதைத் தவிர வேறு வழி அறியாமல் நிற்கிறார்.

முதலில், கிட் என்ற ஒரே பெயரில் மிகவும் வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். மிக எளிய வகையில் பெட்டியின் மேல்கூடு முழுவதும் ஒரே வார்ப்பாக, வண்ணமும் எழுத்தும் போடப்பட்டே வரும். அதோடு ஒரு தரைச்சட்டம், ஓர் இரும்புத் தகடு, இரண்டு போகிகள், சக்கரங்கள், கப்ளர்கள், சில திருகுகள், சில சிறு பாகங்கள் இருக்கும். (இங்கே போகி என்பது பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் தனிச் சட்டத்தைக் குறிக்கிறது.) அமெரிக்க எச்ஓ ரசிகர்களின் பல தலைமுறைகள் இப்படித்தான் தொடங்கின. இர்வின் ஏதர்ன் தொடங்கிய ஏதர்ன் நிறுவனத்தின் நீலப் பெட்டிக் கிட்டுகள் பல பத்தாண்டுகள் விற்றன. அக்யூரெயில் அதே வழியில் இன்னும் சற்றுக் கூர்மையான வார்ப்புகளைத் தந்தது. ஒரு மாலை நேரத்தில் இப்படிப்பட்ட பெட்டி ஒன்றை நிதானமாகக் கட்டி முடித்துவிடலாம்.

அடுத்த வகையில் கைப்பிடிக் கம்பிகள், ஏணிகள், பிரேக் குழாய்கள், கூரை நடைபலகை எல்லாம் தனித்தனிப் பிளாஸ்டிக் பாகங்களாக, ஒரு சட்டத்தில் கோர்த்தபடி வரும். டிச்சி, இன்டர்மவுண்டன், ரெட் கபூஸ் போன்றவற்றின் கிட்டுகள் இந்த வகை. பெட்டியின் நான்கு சுவர்களும் தரையும் கூரையும்கூட இவற்றில் சிலவற்றில் தனித்தனியாகவே இருக்கும். மூலைகளை நேராக ஒட்டுவது கட்டுபவரின் பொறுப்பு. அதற்கும் மேலே ரெசின் (திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பிசின்) கிட்டுகள் இருக்கின்றன. ரப்பர் அச்சில் கையால் வார்க்கப்பட்ட இவை, எந்தப் பெரிய நிறுவனமும் தொடாத அரிய பெட்டிகளுக்காகவே பிறந்தவை. வெஸ்டர்ஃபீல்டு, ஃபுனாரோ அண்ட் கமர்லெங்கோ ஆகிய பெயர்கள் இத்துறையில் நன்கு தெரிந்தவை. மரக் கிட்டுகள் இவை எல்லாவற்றுக்கும் மூத்தவை. பிரிட்டனில் பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்து வெட்டிய கிட்டுகளும் உண்டு; அவற்றுக்குப் பசை போதாது, சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே ‘கிட் மலிவா’ என்ற கேள்விக்கு எந்தக் கிட் என்று கேட்ட பிறகே பதில் சொல்ல முடியும். எளிய வகைக் கிட், அதே பெட்டியின் ரெடிமேட் வடிவத்தைவிடப் பெரும்பாலும் மலிவுதான். ரெசின் கிட் அப்படியல்ல. அதில் போகி, சக்கரம், கப்ளர் ஆகியவை பெரும்பாலும் சேர்ந்து வருவதில்லை. வண்ணம், மேல்பூச்சு, சில நேரம் நீரில் நனைத்து ஒட்டும் டிகால் எழுத்துத்தாளும் தனிச் செலவு. எல்லாவற்றையும் கூட்டினால் மிக நல்ல ரெடிமேட் பெட்டி ஒன்றின் விலையைத் தாண்டிவிடும். இதோடு கைக்கருவிகளின் செலவும் இருக்கிறது. ஒருமுறை வாங்கினால் போதும் என்றாலும் முதல் பெட்டிக்கு அது கனமாகவே தெரியும். பணத்தை மிச்சப்படுத்த மட்டும் ரெசின் கிட்டை எடுப்பவர் ஏமாற்றம் அடைவார் என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஒரு காலத்தில் கிட்டே பொதுவழக்காக இருந்ததற்கும் இன்று ரெடிமேட் மேலோங்கியதற்கும் காரணம் ஒன்றேதான்: கூலி. உள்நாட்டிலேயே அச்சு செய்து வார்த்த காலத்தில், சிறு பாகங்களைப் பொருத்தும் வேலையைத் தொழிலாளியிடம் கொடுத்தால் விலை ஏறிவிடும் என்பதால், அந்த வேலையை வாங்குபவரிடமே விட்டார்கள். உற்பத்தி சீனாவுக்கு நகர்ந்த பிறகு, நுணுக்கமான பாகங்களைக் கையால் பொருத்திய பெட்டியையே தாங்கக்கூடிய விலைக்கு விற்க முடிந்தது. ஏதர்ன் 2000களின் இறுதியில் நீலப் பெட்டிக் கிட்டுகளை நிறுத்தியதும் இந்த ஓட்டத்தின் ஒரு பகுதியே. இதில் ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும். ரெடிமேட் பெட்டிகள் இப்போது முன்பதிவின் அடிப்படையில் குறிப்பிட்ட அளவு மட்டும் தயாரிக்கப்படுகின்றன. விற்றுத் தீர்ந்தால் அதே வண்ணமும் எண்ணும் கொண்ட பெட்டி மீண்டும் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எளிய கிட்டுகளைப் போலக் கடைத்தட்டில் ஆண்டுக்கணக்கில் அவை காத்திருப்பதில்லை.

ரெடிமேடின் சிறப்பைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. தொழிற்சாலையில் மென்மையான ரப்பர் திண்டினால் அச்சிடப்படும் எழுத்துகளைப் பாருங்கள்: எச்ஓ பெட்டியின் பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கலாம், அதுவும் வார்ப்பின் பலகைக் கோடுகளிலும் ரிவெட் தலைகளிலும் ஏறி இறங்கி, எங்கும் உடையாமல் இருக்கும். இரண்டு மூன்று நிறங்கள் சந்திக்கும் கோடு கத்தியால் கீறியது போல நேராக இருக்கும். டிகாலால் இதை நெருங்கலாம், ஆனால் பொறுமையும் பல பெட்டிகளின் அனுபவமும் வேண்டும். அரித்து வெட்டிய உலோக நடைபலகையின் ஊடே கூரை தெரிவதும், கம்பியால் ஆன கைப்பிடிகள் சுவரை விட்டு விலகி நிற்பதும், அடியில் பிரேக் நெம்புகோல்கள் வரை காட்டப்படுவதும் இன்று நல்ல ரெடிமேட் பெட்டிகளில் சாதாரணமாகிவிட்டன. வண்ணத்தின் செம்மையில் வீட்டில் கட்டிய பெட்டி அதற்கு ஈடாவது அரிது. உருவத்தின் துல்லியத்தில் ஈடாகலாம், சில நேரம் மிஞ்சலாம்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். இதைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பலர் கிட்டையும் ரெடிமேடையும் கண்ணால் மட்டுமே ஒப்பிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1935இல் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ரயில் சங்கம், அதாவது என்எம்ஆர்ஏ, எடைக்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. எச்ஓ அளவில் அடிப்படையாக ஓர் அவுன்சு, அதோடு பெட்டியின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சு. நாற்பதடிச் சரக்குப் பெட்டி 1:87 விகிதத்தில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குலம் வரும். ஆகவே அதன் எடை 106 கிராம் அளவில் இருக்க வேண்டும். ‘என்’ அளவில், அதாவது 1:160 விகிதத்தில், அடிப்படை அரை அவுன்சும் அங்குலத்துக்கு 0.15 அவுன்சுமாக அதே பெட்டிக்கு 27 கிராம் போதும். இந்த எடை எதற்காக? நீண்ட ரயிலை வளைவில் இழுக்கும்போது, நடுவில் லேசான பெட்டி ஒன்று இருந்தால், முன்னும் பின்னும் உள்ள இழுவிசை அதை வளைவின் உள்பக்கமாகச் சாய்த்துத் தடத்திலிருந்து தூக்கிவிடும். பின்னோக்கித் தள்ளும்போது வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும். பெட்டிகளின் எடை சீராக இருப்பதே முக்கியம். மிகையாக ஏற்றினால் இன்ஜின் ஏற்றத்தில் திணறும்.

ரெடிமேட் பெட்டிகள் பல இந்த அளவை விடக் குறைவாகவே வருகின்றன. மூடிய பெட்டியாக இருந்தால் உள்ளே எடை வைக்கலாம், ஆனால் கூரையோ தரையோ பசையால் ஒட்டப்பட்டிருந்தால், மெல்லிய கைப்பிடிகள் உடையாமல் அதைத் திறப்பது நெஞ்சைப் பிசையும் வேலை. கிட்டில் இந்தத் தொல்லையே இல்லை. கூரையை மூடுவதற்கு முன் தராசில் வைத்துப் பார்த்து, தேவையான எடையைத் தரையின் நடுவிலோ இரு போகிகளுக்கு மேலாகவோ ஒட்டிவிட்டு மூடலாம். திறந்த தட்டைப் பெட்டிகள்தான் எல்லோருக்கும் சிக்கல்: சரக்கு ஏற்றாத தட்டைப் பெட்டியில் எடையை ஒளிக்க இடமே இல்லை. இரும்பின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 7.9 கிராம், ஈயத்துடையது 11.3, டங்ஸ்டனுடையது 19.3. ஆகவே தரைச்சட்டத்தின் அடியில் உள்ள சிறு இடுக்குகளில் டங்ஸ்டன் களிம்பை அடைப்பதே தட்டைப் பெட்டிக்குச் சிறந்த வழி. ஈயத்தைப் பயன்படுத்தினால் கையுறை அணியுங்கள், வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பால் கழுவுங்கள்.

அடுத்தது கப்ளர். எச்ஓ அளவில் கப்ளரின் மையம் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 25/64 அங்குல உயரத்தில், ஏறத்தாழ 9.9 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற சகோதரர்களின் முதலெழுத்துகளிலிருந்து பெயர் பெற்ற கேடீ நிறுவனத்தின் காந்தக் கப்ளர்தான் நடைமுறையில் அளவுகோலாகிவிட்டது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு மற்றவர்களும் அதே வடிவத்தைப் பின்பற்றினார்கள். அந்த நிறுவனமே ஓர் உயரமானி தருகிறது: தண்டவாளத்தின் மேல் வைக்கும் சிறு உலோகக் கட்டி, அதன் முனையில் சரியான உயரத்தில் ஒரு கப்ளர். உங்கள் பெட்டியை அதன் அருகே தள்ளி, இரண்டு கப்ளர்களின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். பெட்டி தாழ்ந்திருந்தால் போகியின் திருகைக் கழற்றி, போகிக்கும் தரைக்கும் இடையே ஒரு மெல்லிய வாஷரை வையுங்கள். கேடீயின் நார் வாஷர்களில் சிவப்பு 0.010 அங்குலம், சாம்பல் 0.015 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர் அளவில் உயர்த்திச் சரிசெய்யலாம். பெட்டி உயர்ந்திருந்தால் போகி உட்காரும் மேடையை மிகச் சிறிதாக அரத்தால் தேய்க்க வேண்டும். கப்ளரின் அடியில் வளைந்து தொங்கும் கம்பி தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறதா என்பதையும் அதே உயரமானி காட்டும். அது தாழ்ந்தால் பாதை மாற்றியில் சிக்கிப் பெட்டியைக் கவிழ்க்கும். இந்த வேலை முழுவதும் கிட்டுக்கும் ரெடிமேடுக்கும் பொதுவானது. கிட் கட்டியவர் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்; போகியின் திருகு எங்கே இருக்கிறது, அதைக் கழற்றினால் எது விழும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

போகிகளைப் பொருத்துவதில் ஒரு பழைய, மிக நல்ல விதி உண்டு. ஒரு முனையின் போகித் திருகை, போகி இடவலமாகத் தாராளமாகத் திரும்பும்படியும் ஆனால் பக்கவாட்டில் ஆடாதபடியும் இறுக்குங்கள். மறுமுனையின் திருகைச் சற்றுத் தளர்த்தி, அந்தப் போகி எல்லாத் திசையிலும் லேசாக ஆடும்படி விடுங்கள். இப்படிச் செய்தால் பெட்டி மூன்று புள்ளிகளில் நிற்பதற்குச் சமமாகிறது. பாதையில் சிறு மேடு பள்ளம் வந்தாலும் எட்டுச் சக்கரங்களும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே அளவு இறுக்கிய பெட்டி, நன்றாகப் போட்ட பாதையிலும் ஏதோ ஓரிடத்தில் ஒரு சக்கரத்தைத் தூக்கிவிடும். ரெடிமேட் பெட்டிகளில் இரு திருகுகளும் ஒரே இறுக்கத்தில் வருவது வழக்கம். வாங்கிய அன்றே ஒன்றைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். தடம் புரள்வது எவ்வளவு குறைகிறது என்று நீங்களே காண்பீர்கள்.

சக்கரங்களைப் பொறுத்தவரை, பழைய கிட்டுகளில் வரும் பிளாஸ்டிக் சக்கரங்களை எடுத்துவிட்டு, ஆர்பி-25 வடிவம் (சக்கர விளிம்புக்கு என்எம்ஆர்ஏ பரிந்துரைத்தது) கொண்ட உலோகச் சக்கரங்களைப் போடுவது நல்லது. மூலப் பெட்டியில் 33 அங்குல விட்டமுள்ள சக்கரம் எச்ஓவில் 9.6 மில்லிமீட்டர் வரும். நூறு டன் பெட்டிகளுக்கும் பயணிகள் பெட்டிகளுக்கும் 36 அங்குலச் சக்கரம். என்எம்ஆர்ஏவின் தகட்டு அளவுகோலால் ஒவ்வோர் அச்சிலும் சக்கர இடைவெளியைச் சோதியுங்கள். புதிய ரெடிமேட் பெட்டியிலும் ஓர் அச்சு மட்டும் குறுகியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சக்கரத்தை மெல்லத் திருகியபடி இழுத்தால் அச்சில் நகர்ந்து சரியான இடத்துக்கு வந்துவிடும்.

பிரிட்டிஷ் பாணியில் நான்கு சக்கர வேகன்களைக் கட்ட விரும்பினால் கவனம் வேறிடத்தில் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ரயில் நிறுவனங்களின் பொது அமைப்பான ரயில்வே கிளியரிங் ஹவுஸ் 1923இல் வகுத்த வடிவமைப்பில் கட்டிய நிலக்கரி வேகனை எடுத்துக்கொள்வோம். அச்சுகளுக்கிடையே ஒன்பது அடி, பிரிட்டனில் வழக்கமான ஓஓ அளவில் (1:76) 36 மில்லிமீட்டர். போகி இல்லாததால் ஏற்றத்தாழ்வை ஈடுகட்ட அங்கே எதுவும் இல்லை. பக்கச் சட்டங்களை ஒட்டியதும், பசை இறுகுவதற்கு முன், சக்கரங்களுடன் வேகனை ஒரு தடித்த கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி, மூலைகளை ஒவ்வொன்றாக விரல்நுனியால் அழுத்திப் பாருங்கள். எந்த மூலையாவது தட்டினால், அதாவது அதன் சக்கரம் கண்ணாடியைத் தொடாமல் ஆடினால், சட்டத்தை மெல்ல முறுக்கி நேராக்கி, மேலே ஓர் எடையை வைத்துப் பசை இறுகும் வரை விட்டுவிடுங்கள். ஏர்ஃபிக்ஸின் பழைய வேகன் அச்சுகளிலிருந்து டாப்போல் இன்றும் கிட்டுகள் தருகிறது; பார்க்சைட், கேம்பிரியன் பெயர்களிலும் நல்லவை கிடைக்கின்றன.

இப்போது ரெசின் கிட்டின் வேலையைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். கிட் கட்டுவதன் சுகமும் சிரமமும் அதில்தான் முழுமையாகத் தெரிகின்றன. பாகங்களை முதலில் வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் துலக்கும் சோப்பிலும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகப் பூசிய பொருள் ஒட்டியிருந்தால் பசையும் பிடிக்காது, வண்ணமும் நிற்காது. விளிம்புகளில் மெல்லிய தோல் போல நிற்கும் மிகுதி ரெசினை ஈர உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். உலர்ந்த தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் நீரோடு தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம். பிளாஸ்டிக் பசை ரெசினைக் கரைக்காது. சயனோ பசையோ (சூப்பர் குளூ) எபாக்சியோதான் வேண்டும்.

பிறகு கைப்பிடிகள். சுவரில் ஊசிமுனை அளவு குழிகள் அடையாளமாக இருக்கும். முதலில் தையல் ஊசியால் அந்தக் குழியைச் சற்று ஆழமாக்கி, பிறகு கையால் சுழற்றும் சிறு துளைக்கருவியில் 80ஆம் எண் துரப்பணத்தை மாட்டி, அழுத்தாமல், அதன் எடையாலேயே இறங்கும்படி சுழற்றுங்கள். அந்தத் துரப்பணத்தின் விட்டம் 0.34 மில்லிமீட்டர், பக்கவாட்டில் சிறிது சாய்ந்தாலும் முறிந்துவிடும். 0.3 மில்லிமீட்டர் வெண்கலக் கம்பியில் ஏற்கெனவே வளைத்துக் கிடைக்கும் கைப்பிடியைச் சாமணத்தால் பிடித்து இரு துளைகளிலும் நுழையுங்கள். எல்லாக் கைப்பிடிகளும் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டுமே, அதற்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை கைப்பிடிக்கும் சுவருக்கும் இடையே செருகி, அதன்மேல் கைப்பிடி படியும்வரை அழுத்தி, சுவரின் உட்புறத்திலிருந்து ஊசிமுனையால் ஒரு துளி சயனோ பசையை வைத்துவிட்டுப் பட்டையை உருவிவிடுங்கள். வெளிப்புறத்தில் பசையின் சுவடே தெரியாது. நாற்பதடிப் பெட்டி ஒன்றில் இப்படிப் பல கைப்பிடிகள். நான்காவது ஐந்தாவதுக்குள் விரல்கள் பழகிவிடும், அதன் பிறகு அந்த வேலையே மனத்தை அமைதிப்படுத்தும் ஒன்றாகிவிடுகிறது. என் பார்வையில் ரெசின் கட்டுவதில் மிக இன்பமான கட்டம் இதுதான்.

வண்ணம் பூசிய பிறகு டிகால் ஒட்டுவதற்கு முன் பளபளப்பான மேல்பூச்சு ஒன்று அவசியம். சொரசொரப்பான பரப்பில் டிகாலின் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். டிகாலுக்கென்றே விற்கும் திரவங்களில் மைக்ரோசெட்டைத் தடவி ஒட்டி, இடம் சரியானதும் மைக்ரோசால் தடவினால் டிகால் மென்மையாகி ரிவெட் தலைகளின் மேல் படிந்துவிடும். அந்த நேரத்தில் அதைத் தொடவே கூடாது. கடைசியில் மங்கலான மேல்பூச்சு.

இவ்வளவு உழைப்பும் எதற்கு என்றால், ரெடிமேடில் கிடைக்காத பெட்டிக்காக. தொழிற்சாலை ஓர் அச்சுக்குப் பெரும் முதலீடு செய்கிறது. அதை மீட்பதற்கு ஒரே உடலைப் பல ரயில் நிறுவனங்களின் வண்ணங்களில் விற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பெட்டித் தயாரிப்பு நிறுவனமான புல்மேன்-ஸ்டாண்டர்டு 1947 முதல் கட்டிய பிஎஸ்-1 என்ற மூடிய பெட்டி மிகப் பல நிறுவனங்களிடம் இருந்ததால், அது ரெடிமேடாக வருவதில் வியப்பில்லை, வந்த வண்ணங்களில் பலவும் உண்மையானவை. ஆனால் ஒரே ஒரு நிறுவனம் தன் பட்டறையிலேயே சில நூறு மட்டும் கட்டிய பெட்டிக்கு எந்தத் தொழிற்சாலையும் அச்சு செய்யாது; அந்த நிறுவனத்தின் பெயரை வேறொரு பெட்டியின் மேல் அச்சிட்டுத் தந்துவிடும். கண்ணுக்கு அழகாக இருந்தாலும், அந்தப் பெட்டி உலகில் இருந்ததே இல்லை.

காலமும் அப்படித்தான். நீங்கள் எந்த ஆண்டை மாதிரியாக்குகிறீர்கள் என்பதை முடிவுசெய்துவிட்டால், ரெடிமேட் பெட்டியின் பக்கவாட்டில் சிறு எழுத்தில் இருக்கும் கட்டிய தேதியையும் எடைபோட்ட தேதியையும் கட்டாயம் படியுங்கள். 1950ஐக் காட்டும் பாதையில் 1958 என்று எழுதிய பெட்டி ஓடக்கூடாது. அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளில் 1933க்குப் பிறகு கட்டியவற்றுக்கு ஏபி வகைக் காற்று பிரேக் வந்தது. அதற்கு முந்தைய கே பிரேக்கில் உருளையும் காற்றுத்தொட்டியும் ஒன்றாக இணைந்திருக்க, ஏபியில் மூன்று தனி உறுப்புகள் அடியில் பரவி நிற்கும். கூரை நடைபலகை 1966க்குப் பிறகு புதிய மூடிய பெட்டிகளில் கைவிடப்பட்டது. கிட்டில் இவற்றை உங்கள் காலத்துக்கேற்ப மாற்றிப் பொருத்தலாம்: கே பிரேக்கை எடுத்து ஏபியைப் போடலாம், நடைபலகையை நீக்கி ஏணியைக் குட்டையாக்கலாம். ரெடிமேடிலும் செய்யலாம்தான், முடிந்த வண்ணத்தின் மேல் கத்தி வைக்க மனம் வராது என்பதால் பெரும்பாலோர் செய்வதில்லை.

பயணிகள் பெட்டிகளைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை: அவற்றை ரெடிமேடாகவே வாங்குங்கள். 85 அடிப் பெட்டி எச்ஓவில் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் வரும். வரிசையான சன்னல்கள், உள்ளிருக்கைகள், விளக்கு, நீண்ட பக்கச் சுவரில் பிசிறில்லாத பட்டைக் கோடுகள் ஆகிய அனைத்தையும் முதல் முயற்சிகளில் கட்டி நிறைவடைவது கடினம். அதோடு ஒரே வகைப் பெட்டிகள் ஐந்தாறு வேண்டியிருக்கும். ஒன்றைக் கட்டுவது இன்பம், ஆறாவதைக் கட்டுவது கூலிவேலை. ‘என்’ அளவிலும் ரெடிமேடே பொருத்தம். அங்கே கிட்டுகள் குறைவு. கைப்பிடிக் கம்பிகள் கண்ணுக்கே எட்டாதவை. ஓ அளவில் நிலைமை நேரெதிர்: 1:48இல் ஒவ்வொரு கம்பியும் கைக்கு வசதியாக இருக்கும், கண் மங்கத் தொடங்கியவர்களுக்கும் அது இதமான அளவு.

முப்பரிமாண அச்சில் எடுத்த பெட்டி உடல்கள் இப்போது ரெசின் கிட்டின் இடத்தை ஓரளவு எடுத்துக்கொள்கின்றன. அடுக்குக் கோடுகள் தெரிகின்றனவா, நீண்ட சுவர் வளைந்திருக்கிறதா என்பதைப் பார்த்து வாங்குங்கள். கட்டும் முறை ரெசினுக்குச் சொன்னதேதான்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. இப்போது இருக்கும் ரெடிமேட் பெட்டிகளை முதலில் தராசிலும் உயரமானியிலும் சோதித்து, சக்கரங்களையும் திருகுகளையும் சரிசெய்யுங்கள். அடுத்து, ஒரே வார்ப்பாக உடல் வரும் எளிய கிட் ஒன்றை, முடிந்தால் நாற்பதடி மூடிய பெட்டியை, எடுத்துக் கட்டுங்கள். அதற்குக் கூரான கத்தி, பாகங்களை வெட்டும் சிறு கட்டர், நுண்ணிய அரம், சாமணம், திரவ பிளாஸ்டிக் பசை இவ்வளவே போதும். அதே வகையில் இரண்டு மூன்று முடிந்ததும், வார்ப்போடு சேர்ந்த கைப்பிடிகளில் ஒரு முனையில் உள்ளதை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டுக் கம்பிக் கைப்பிடி பொருத்திப் பாருங்கள். விலை குறைந்த பெட்டியில் இந்தப் பயிற்சி கெட்டாலும் இழப்பு பெரிதல்ல. அது கைவந்தால் சுவர்கள் தனித்தனியாக வரும் பிளாஸ்டிக் கிட். ரெசினை அதற்குப் பின் எடுங்கள். அதுவும் உங்கள் பாதைக்கு உண்மையில் தேவைப்படும், ரெடிமேடில் இல்லாத பெட்டியாகப் பார்த்து எடுங்கள். வாங்கிய அன்றே பெட்டியைத் திறந்து, வழிமுறைத் தாளோடு ஒவ்வொரு பாகத்தையும் ஒத்துப் பார்த்துவிடுங்கள். ரெசின் கிட்டுகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒருவர் இருவராக உழைப்பவர்கள். இன்று கேட்டால் விடுபட்ட பாகத்தை மனமுவந்து அனுப்பிவைப்பார்கள், சில ஆண்டுகள் கழித்துக் கேட்கும்போது அந்த அச்சே தேய்ந்து போயிருக்கலாம்.